ராக் ஆல்பத்தை ரெகேயாக வாசிப்பது எப்படி: பினாங்கிலிருந்து ஒரு பேஸ் கிட்டார்காரர்

லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தைக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் போனால், வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிட வேண்டும். அப்படி ஒரு காலையில், கழற்றிப் போட்ட மின்விசிறி மோட்டார்களுக்கும் நின்றுபோன கைக்கடிகாரங்களுக்கும் நடுவே ஒரு சீடி கிடந்தது. ஐந்து வெள்ளி. வீட்டுக்கு வந்து போட்டதும் அலமாரியில் இருந்த எவர்சில்வர் டம்ளர்கள் அதிர்ந்தன. தங்கச்சி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "அண்ணே, இது நீங்க எப்பவும் போடுற பாட்டுதானே, ஏன் இப்படி நடக்குது?" என்றாள். பாட்டு நடக்கிறது என்று சொன்னாள் பாருங்கள், அதைவிடச் சரியாக, ஜமைக்காவில் பிறந்த ரெகே இசையை விளக்க எனக்குத் தெரியாது.

அந்த சீடி, நியூயார்க்கைச் சேர்ந்த ஈஸி ஸ்டார் ஆல்-ஸ்டார்ஸ் குழுவின் 'டப் சைட் ஆஃப் த மூன்'. பிங்க் ஃப்ளாய்ட் 1973இல் வெளியிட்ட 'த டார்க் சைட் ஆஃப் த மூன்' ஆல்பத்தை அதே பாட்டு வரிசையில் முழுக்க ரெகேயாக வாசித்து 2003இல் கொண்டுவந்தார்கள். பிறகு ரேடியோஹெட்டின் 'ஓகே கம்ப்யூட்டர்' 2006இல் 'ரேடியோட்ரெட்' ஆனது. 2009இல் பீட்டில்ஸின் 'சார்ஜன்ட் பெப்பர்', 2023இல் டேவிட் போவியின் 'ஜிக்கி ஸ்டார்டஸ்ட்'. கலிஃபோர்னியாவின் டிரெட் செப்பலின் குழு அதற்கும் முன்பே லெட் செப்பலின் பாட்டுகளை ரெகேயில் பாடி 1990இல் ஆல்பம் போட்டிருக்கிறது. ஆனால் அவர்களுடைய மேடை வேடிக்கைக்காக. எனக்கு வழி காட்டியது அந்த ஐந்து வெள்ளி சீடிதான்.

நாங்கள் ஐந்து பேர். நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன், பேஸ் வாசிக்கிறேன். டிரம்மர் தம்பி பட்டர்வொர்த்காரன்; தைப்பூசம் வந்தால் தண்ணீர்மலைக்குப் போகும் காவடிகளோடு உருமி அடிப்பவன். கீபோர்டு வாசிக்கும் பெண் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸில் சங்கீதம் கற்றவள். கிட்டாருக்கு ஒருவர், பாட்டுக்கு ஒருவர். ஜெலுத்தோங்கில் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் ஜாமிங் ஸ்டூடியோ ஒன்றில் வியாழக்கிழமை இரவுகளில் 'த டார்க் சைட் ஆஃப் த மூன்' ஆல்பத்தை நாங்களும் ரெகேயாக வாசித்துப் பார்த்தோம். ஏழு மாதத்தில் பிடிபட்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஆல்பத்தைத் தேர்ந்தெடுப்பது. உங்களுக்குப் பிடித்திருந்தால் மட்டும் போதாது, கேட்க வருகிறவர்களுக்கும் அது மனப்பாடமாக இருக்க வேண்டும். பாட்டின் ஒலிகளை எடுத்தும் எதிரொலிக்க விட்டும் செய்யும் ரெகே வடிவம்தான் டப். ஜமைக்காவில் அது எப்படிப் பிறந்தது என்று பார்த்தால் காரணம் விளங்கும். இசைத்தட்டின் ஒரு பக்கம் பாட்டு, மறுபக்கம் அதே பாட்டின் குரல் எடுத்த 'வெர்ஷன்'. ஊரே முதல் பக்கத்தைப் பாடிக்கொண்டிருந்ததால், மறுபக்கத்தில் குரல் பாதியில் காணாமல் போனாலும் கேட்பவர்கள் மனசுக்குள் அதைப் பாடி முடித்தார்கள். தெரியாத பாட்டில் ஒன்றை எடுத்தால் அது ஓட்டை. தெரிந்த பாட்டில் எடுத்தால் அந்த இடத்தில் கேட்பவர் வந்து உட்கார்ந்துகொள்வார். அதனால்தான் இந்த வேலைக்குப் பழைய, எல்லாரும் கேட்டுத் தேய்ந்த ராக் ஆல்பம் பொருந்துகிறது. பினாங்கில் அந்தக் காதுகளுக்குப் பஞ்சமில்லை. டேவிட் ஆறுமுகமும் லோகநாதனும் ஆலிகேட்ஸ் குழுவோடு கிளம்பிய ஊர் இது. ஐம்பது வயது தாண்டிய அங்கிள்மார் பாதிப் பேர் ஒரு காலத்தில் கிட்டார் பிடித்தவர்கள்.

மெதுவான பாட்டுகள், பேஸுக்குத் தனி மெட்டு, கருவி மட்டும் வாசிக்கும் நீண்ட பகுதிகள், மைனர் ஸ்கேல் இவை இருந்தால் நல்லது. நொடிக்கு நொடி கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டம், மாறும் ஆல்பத்தை எடுக்காதீர்கள். கார்டு மாறிக்கொண்டே இருந்தால் எதிரொலி முந்தைய கார்டைச் சொல்லிக்கொண்டிருக்கும், கை அடுத்ததற்குப் போயிருக்கும், இரண்டும் முட்டும்.

அடுத்து, வாசிக்காமல் கேளுங்கள். மூல ஆல்பத்தை ஒரு வாரம், பேஸை மட்டும் தொடர்ந்து. பிறகு பாப் மார்லியின் வெய்லர்ஸ் குழுவில் கார்ல்டன் பேரட்டின் டிரம்மையும் அவர் அண்ணன் ஆஸ்டன் பேரட்டின் பேஸையும் ஒரு வாரம். கடைசியில் ஈஸி ஸ்டார். இந்த வரிசையை மாற்ற வேண்டாம். நேராக ஈஸி ஸ்டாரைக் கேட்டுவிட்டு வாசிக்க உட்கார்ந்தால் அவர்களை நகல் எடுப்பீர்கள். எங்கள் கிட்டார்காரர் அப்படித்தான் தொடங்கினார், இரண்டு மாதம் வீணானது.

சரி, இப்போது எண்ணிக்கை. நான்கு நான்காக எண்ணுங்கள், நிமிடத்துக்கு 130 முதல் 160 வரை. ஒன்றில் ஒன்றும் இல்லை. இரண்டிலும் நான்கிலும் கிட்டார் 'சிக்' என்று வெட்டும், இதுதான் ஸ்கேங்க். மூன்றில் காலால் மிதிக்கும் கிக் டிரம்மும், ஸ்நேர் என்ற சின்ன டிரம்மின் விளிம்பில் வைத்த குச்சியும் சேர்ந்து விழும். ஒன் டிராப் என்பது இதுதான்: ராக் தூக்கிப் பிடிக்கும் முதல் அடியை ரெகே கீழே போட்டுவிடுகிறது. ராக் டிரம்மருக்கு இது கஷ்டம். உருமி அடிப்பவனுக்கு இன்னும் கஷ்டம், ஏனென்றால் காவடிக்கு முன்னால் நிற்கும்போது காலி இடம் விடுவது அங்கே தப்பு. எங்கள் தம்பி முதல் மூன்று வாரம் ஒன்றில் கால் வைக்காமல் இருக்க வலது செருப்பைக் கழற்றி பெடலுக்குக் கீழே செருகிக்கொண்டான். பெடல் இறங்காது. மூன்றாவது அடியைக் கையால் மட்டும் அடித்துப் பழகினான். பிறகு செருப்பை எடுத்தோம், கால் தானாக மூன்றில் போய் விழுந்தது. உங்கள் டிரம்மருக்கும் இதைச் சொல்லிப் பாருங்கள்.

ஸ்கேங்குக்கு மேல் மூன்று கம்பிகள் போதும். அடித்த உடனே இடது கை விரலைத் தளர்த்தி ஒலியை வெட்டிவிட வேண்டும். ராக் கிட்டார்காரர்கள் டிஸ்டார்ஷன் பெடலை வீட்டிலேயே வைத்துவிட்டு வரட்டும். கீபோர்டில் 'பபிள்': ஆர்கன் ஒலியில் இரண்டாம் எண்ணிக்கைக்கு அரை எண்ணிக்கை முன்னால் இடக்கை, இரண்டில் வலக்கை, அரை எண்ணிக்கை கழித்து மீண்டும் இடக்கை. நான்கைச் சுற்றியும் இதேதான். கொதிக்கும் குழம்பு மாதிரி அடியில் கேட்டுக்கொண்டே இருக்கும். தனியாகக் காதில் விழுந்தால் சத்தம் அதிகம் என்று அர்த்தம்.

பேஸைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். ராக் பாட்டில் மெட்டு குரலிலோ கிட்டாரிலோ இருக்கும், பேஸ் அதைத் தாங்கும். ரெகேயில் பேஸ்தான் மெட்டு. டோன் குமிழை முழுக்கக் குறைத்துவிட்டு, கம்பிகளைத் தாங்கும் பாலத்தின் (பிரிட்ஜ்) பக்கத்தில் அவற்றுக்கு அடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்ச் செருகி, கழுத்துப் பக்கம் கட்டை விரலால் வாசியுங்கள். நான் செருகியிருப்பது பாத்திரம் கழுவும் ஸ்பாஞ்சில் வெட்டிய விரல் அகலத் துண்டு. ஸ்வரம் 'டும்' என்று பிறந்து உடனே அடங்க வேண்டும்.

பிறகு, மூலப் பாட்டின் பேஸ் வரியை அப்படியே எழுதிவைத்து, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு ஸ்வரத்தை எடுத்துவிட்டு வாசித்துப் பாருங்கள். பாட்டு இன்னும் அடையாளம் தெரிகிறதா? இன்னொன்றை எடுங்கள். இனி எடுத்தால் பாட்டே போய்விடும் என்ற இடத்துக்கு ஒரு ஸ்வரம் முன்னால் நிறுத்துங்கள். பெரும்பாலும் முதலில் போக வேண்டியது முதல் அடியில் விழும் ஸ்வரம்தான்.

'மணி' பாட்டை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். இந்த ஆல்பத்தில் எங்களை அதிகம் வதைத்தது அது. பேஸ் ஒரு ஸ்வரத்தில் தொடங்கி அதன் ஆக்டேவுக்கு, அதாவது மேல் ஸ்தாயியில் அதே ஸ்வரத்துக்கு, தாவி இறங்கும் வரி, ஏழு அடிக்கு ஒரு சுற்று. ஒன் டிராப்போ நான்குக்காகப் பிறந்தது. ஏழில் எங்கே போடுவது? எட்டாவதாக ஒரு காலி அடி சேர்த்துவிடலாம் என்று கிட்டார்காரர் சொன்னார். சேர்த்தோம். சுகமாகத்தான் இருந்தது, ஆனால் பாட்டுக்குள் இருந்த முள் போய்விட்டது. அந்த ஏழு இல்லாமல் அது வேறு பாட்டு.

கீபோர்டு வாசிக்கும் பெண்தான் வழி சொன்னாள். "அண்ணே, இது மிஸ்ர சாபுவைத் திருப்பிப் போட்ட மாதிரி இருக்கு. தகிட தகதிமி இல்ல, தகதிமி தகிட." மிஸ்ர சாபு மூன்றும் நான்குமாகப் போகும் ஏழு அடித் தாளம். உருமித் தம்பி உடனே தலையாட்டினான். பாட்டை மெதுவாக்கி, ஏழு அடியில் ஒவ்வொன்றையும் இரண்டு எண்ணிக்கையாகப் பிரித்தோம், மொத்தம் பதினான்கு. இரட்டைப்படை எண்ணிக்கைகளில் ஸ்கேங்க். ஏழு வெட்டுகள், ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில். டிராப் 3, 7, 11 ஆகிய எண்ணிக்கைகளில். சொல்லிப் பார்த்தால் 'தகதிமி'யில் 'க'விலும் 'மி'யிலும் விழும், 'தகிட'வில் 'கி'யில் விழும். கடைசி 'ட', அதாவது 13ம் 14ம், டிராப் இல்லாமல் நிற்கும். அங்கே நான் வாசிப்பதில்லை. அடுத்த சுற்றின் முதல் ஸ்வரத்தையும் விட்டுவிட்டு ஆக்டேவிலிருந்து தொடங்குகிறேன். அந்த இடைவெளியில் பாட்டு தெரிந்தவர் ஒவ்வொருவரும் உள்ளுக்குள் அந்த முதல் ஸ்வரத்தை அடிக்கிறார்கள். எதிரே இருந்தவர்களின் தலை அசைவில் அதைப் பார்த்தேன். மூலத்திலேயே கிட்டார் தனி ஆவர்த்தனம் நான்குக்கு மாறிவிடும். அங்கே ஒன் டிராப்பை விட்டு, நான்கு அடியிலும் கிக் விழும் ஸ்டெப்பர்ஸுக்குப் போங்கள். ஏழில் இறுகியிருந்தவர்கள் அப்படியே அவிழ்ந்துவிடுவார்கள்.

கிட்டார் தனி ஆவர்த்தனத்தை கிட்டாரிலேயே வாசிக்க வேண்டியதில்லை. அகஸ்டஸ் பாப்லோ மெலோடிக்கா என்ற ஊதுகிற சின்ன கீபோர்டை ரெகேயின் தனிக் குரலாகவே ஆக்கிவிட்டார். அதில் வேகமாக ஓட முடியாது. அதனாலேயே மெட்டின் எலும்பு மட்டும் மிஞ்சும்.

இனி எதிரொலி. எனக்கு மிகவும் நெருக்கமான பகுதி இது, கிங் டப்பி காரணம். கிங்ஸ்டனில் ரேடியோ பழுது பார்த்து, டிரான்ஸ்ஃபார்மர் சுற்றிப் பிழைத்த மனிதர். பழைய மிக்ஸர் ஒன்றை வாங்கித் தன் தேவைக்குத் திருத்தி, மிக்ஸரையே ஒரு வாத்தியமாக வாசித்தார். எதிரொலி உண்டாக்கும் ஸ்பிரிங் ரிவெர்ப் பெட்டியைத் தட்டி இடிச் சத்தம் எடுத்தார். சாலிடரிங் இரும்பு பிடித்த கைதான் இந்த இசையைக் கண்டுபிடித்தது என்பதில் என் போன்ற டெக்னீஷியனுக்கு இருக்கும் பெருமை கொஞ்சமில்லை.

உங்களுக்குப் பெரிய சாமான் தேவையில்லை. ஆக்ஸ் சென்ட், அதாவது ஒலியைத் தனியாக வெளியே அனுப்பும் வழி, உள்ள சின்ன மிக்ஸர் ஒன்று, ஒலியைத் தாமதித்துத் திருப்பிச் சொல்லும் கிட்டார் டிலே பெடல் ஒன்று. சென்ட்டிலிருந்து பெடலுக்கு ஒரு வயர், பெடலிலிருந்து மிக்ஸரின் காலி சானல் ஒன்றுக்கு ஒரு வயர். இப்போது குரல், ஸ்நேர், ஸ்கேங்க் எதன் ஆக்ஸ் குமிழைத் திறக்கிறீர்களோ அது எதிரொலிக்குள் போகும். டிலே நேரத்தைக் கணக்குப் போட்டு வையுங்கள்: 60,000ஐ வேகத்தால் வகுத்தால் ஓர் எண்ணிக்கைக்கு எத்தனை மில்லிவினாடி என்று வரும். 150 வேகம் என்றால் 400. ஆனால் 400லேயே வைத்தால் எதிரொலி அடுத்த அடியின் மேலேயே விழுந்து மறைந்துபோகும். ஒன்றரை எண்ணிக்கை, அதாவது 600 வையுங்கள். அடிகளுக்கு இடையில் புகுந்து புகுந்து வரும்.

குமிழைத் திறந்தே வைக்காதீர்கள். ஒரு சொல்லின் கடைசி எழுத்து, ஸ்நேரின் ஓர் அடி, அவ்வளவுதான்; திறந்து உடனே மூடுங்கள். மீன் கொத்தும்போது தூண்டிலைச் சுண்டுகிற மாதிரி மணிக்கட்டில் ஒரு சுண்டு.

எதிரொலி திரும்பி வரும் சானலின் ஆக்ஸ் குமிழில் மட்டும் கவனம். அதைத் திறந்தால் எதிரொலி தன்னையே மறுபடி பெடலுக்கு அனுப்பும், பெருகிக்கொண்டே போகும். எங்கள் முதல் நிகழ்ச்சியில், ஒரு காப்பிக் கடை மாடியில், 'டைம்' பாட்டின் நடுவில் என் முழங்கை அதில் பட்டுவிட்டது. நாலு நொடியில் ஸ்பீக்கர் ஊளையிட்டது, முன் வரிசையில் ஒரு குழந்தை அழுதது. நான் பதறி பேஸ் சத்தத்தைக் குறைத்தேன், அது தப்பு. குறைக்க வேண்டியது திரும்பி வரும் சானலின் ஃபேடர், அதாவது சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் தள்ளுகட்டை. அந்த ஃபேடரில் அன்றிரவே சிவப்பு டேப் ஒட்டினேன். அந்தப் பெருக்கத்தை டப் வாசிப்பவர்கள் வேண்டுமென்றே செய்வதும் உண்டு. ஒரு விரல் ஃபேடரில் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள்.

டப் பகுதிக்கு ஒரே விதி: பேஸும் டிரம்மும் போய்க்கொண்டே இருக்கட்டும், மற்றதெல்லாம் வந்து போகட்டும். எப்போதாவது பேஸையும் எடுங்கள், இரண்டு சுற்றுக்கு மேல் வேண்டாம். அது திரும்பி வரும் கணத்துக்காகத்தான் அத்தனை பேரும் நிற்கிறார்கள்.

மூல ஆல்பத்தில் பாட்டு அல்லாத ஒலிகள் இருந்தால், அவற்றை உங்கள் ஊரிலிருந்து எடுங்கள். பிங்க் ஃப்ளாய்ட் 'டைம்' பாட்டைக் கடிகாரங்கள் அடிப்பதில் தொடங்கினார்கள், 'மணி'யைக் காசுச் சத்தத்தில். ஈஸி ஸ்டார்காரர்கள் காசை எடுத்துவிட்டுப் புகை இழுத்து இருமும் சத்தத்தை வைத்தார்கள், அது அவர்கள் ரசனை. நாங்கள் 'மணி'க்குக் காப்பிக் கடையில் சில்லறையை மேசை மேல் எண்ணிப் போடும் சத்தத்தைக் கைபேசியில் பதிந்தோம். 'டைம்' தொடக்கத்துக்குக் கோயில் மணி, சேவல், தொழிற்சாலை பஸ் விடியற்காலையில் ஒலிக்கும் ஹார்ன். ஷிஃப்ட் வேலைக்குப் போகிற யாருக்கும் அந்த ஹார்னுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

சிந்தசைஸர் ஓடிக்கொண்டிருக்கும் 'ஆன் த ரன்' பகுதிக்கு உருமியைத்தான் வைத்தோம். வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும்போது வரும் உறுமலை 600 மில்லிவினாடி எதிரொலிக்குள் விட்டால் அறை முழுக்க ஏதோ ஒன்று நடமாடுகிற மாதிரி இருக்கும். அது சாமி காரியத்துக்கான வாத்தியம் என்பதால் தம்பி தன் உருமிக் குழுத் தலைவரிடம் கேட்டுவிட்டுத்தான் கொண்டுவந்தான். அன்று நாங்கள் எல்லாரும் செருப்பை வெளியே விட்டோம்.

குரல் விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. ஜமைக்காக்காரர் மாதிரி நாக்கைச் சுழற்றிப் பாடாதீர்கள். அவர்கள் பேச்சு அவர்கள் வாழ்க்கையிலிருந்து வந்தது. ஜமைக்கா பாடகர் டூட்ஸ் ஹிப்பர்ட் அமெரிக்கக் கன்ட்ரி பாட்டு ஒன்றைப் பாடியபோது வெஸ்ட் வர்ஜீனியாவை வெஸ்ட் ஜமைக்கா ஆக்கித் தன் ஊருக்குக் கொண்டுபோனார். நாமும் நம் குரலில்தான் பாட வேண்டும். வார்த்தைகளைத் தமிழாக்கிப் பார்த்தோம், சரிவரவில்லை, மனப்பாடமான வரி வராதபோது கேட்பவர் விலகிவிடுகிறார். ஆனால் குரலே இல்லாத 'எனி கலர் யூ லைக்' பகுதியில் தம்பி சொற்கட்டு சொன்னான். யூ-ராய் போன்ற ஜமைக்கா டீஜேக்கள் காலித் தாளத்தின் மேல் பேசுவது டோஸ்டிங். 'தகதிமி தகிட' அதே இடத்தில் அப்படியே உட்கார்ந்தது.

இதைப் பதிவு செய்து வெளியிடுவதானால் பாட்டின் உரிமையாளர்களிடம் உரிமம் பெறுங்கள். மூலப் பதிவிலிருந்து ஒரு துண்டு ஒலியைக்கூட வெட்டி ஒட்டாதீர்கள், அதற்குத் தனி அனுமதி வேண்டும்.

கடைசியாக ஆல்பத்தை முடிக்கும் விதம். 'த டார்க் சைட் ஆஃப் த மூன்' இதயத் துடிப்பில் தொடங்கி இதயத் துடிப்பிலேயே முடியும். தம்பி அதைக் கிக் டிரம்மில், போர்வை ஒன்றை உள்ளே அமுக்கி வைத்து, காலால் மெல்ல வாசிக்கிறான். மற்ற சானல்களை ஒவ்வொன்றாக மூடுங்கள்: முதலில் ஸ்கேங்க், பிறகு பபிள், பிறகு குரல், கடைசியில் பேஸ். கிக்கின் கடைசி அடிக்கு மட்டும் ஆக்ஸைத் திறந்து, உடனே மூடுங்கள். சிவப்பு டேப் ஒட்டிய ஃபேடரில் கை வைக்க வேண்டாம். எதிரொலி தானே தேய்ந்து நிற்கும்வரை யாரும் வாத்தியத்தைக் கீழே வைக்கக் கூடாது.